கஷ்டத்துல கை வைக்காதே

இரும்புலியூர்,
12.6.2005

அன்பு மச்சான் ஜெரோமுக்கு,

உன் அத்தை மகன் வில்பிரட் எழுதுவது. எழுதுவதுன்னு ஒரு பேச்சுக்குத்தான். வாய் என்னுது, கை உன் தங்கச்சி ஷீலாவுது. கோயில் முடிஞ்சு நேரா இங்க வந்து, எங்கம்மா வச்ச வஞ்சிரக் குழம்பை ஒரு வெட்டு வெட்டிட்டு, இப்போ பேனா மூடியைக் கடிச்சுகிட்டு உக்காந்திருக்கா. "முதல்ல சுகம் விசாரிங்க அத்தான்"ங்கறா. சரி, சுகமா இருக்கியா? சார்ஜாவுல வெயில் ஆளைப் பொசுக்குதாமே? இங்க அம்மா, மாமா, மாமி எல்லாரும் சுகம். என் கதைதான் தெரியுமே. பத்தாவது படிக்கும்போது கால்ல ஆரம்பிச்ச தசை வியாதி, இப்போ தோளைத் தாண்டி மணிக்கட்டுல வந்து சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. இடது கையில ரெண்டு விரல் இன்னும் என் பேச்சைக் கேக்குது. மத்ததெல்லாம் விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி அசையாம இருக்கு.

உன் ரூம்மேட் ரத்தினம் அண்ணன் உன் கேம் சிடியைக் கொண்டாந்து குடுத்தார். டேய், நிஜமாவே செஞ்சுட்டியா! கடையில கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணிகிட்டே இப்படி ஒரு ஊரைக் கட்டியிருக்கியே, உன்னை என்னன்னு சொல்ல? ஜிஎஸ்டி ரோடு முழுக்கத் தண்ணி. பஸ் ஸ்டாப்பெல்லாம் படித்துறை. எனக்கு வீல்சேருக்குப் பதிலா ஒரு பரிசல். பீர்க்கன்காரணை ஏரியில நிலா மூழ்கிக் கிடக்கு, அதைச் சுத்திப் பாசிமூக்கன்னு ஒரு பூதம் பின்பக்கமாவே நீந்துது. வலை போட்டுப் பிடிச்சேன். பேர் வைன்னு கேட்டுச்சு. யேசுதாசன்னு வச்சேன். மூக்கு அப்படியே உங்கப்பாவேதான். ஷீலா இதை எழுத மாட்டேன்னா, மிரட்டி எழுத வச்சேன்.

ஒரே பேஜார் என்னன்னா, வலை வீச ஒரு கீயை அமுக்கிப் பிடிச்சுகிட்டே இன்னொண்ணைத் தட்டணும். என் ரெண்டு விரலும் சேர்ந்து வேலை செய்யாது, சண்டைக்கார அண்ணன் தம்பி. அதை மாத்த முடியுமா? எழுத்தும் கொஞ்சம் பெருசா வேணும். மத்தபடி உன் ஊர் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அங்கேயே குடியிருக்கேன்.

வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்கூட இருப்பார்.

உன்
வில்பிரட்

* * *

சார்ஜா,
1.7.2005

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்தது. ஞானம்மாள் அத்தைக்கு என் அன்பைச் சொல்லு. எனக்கு ஒரு குறையும் இல்ல, குப்பூஸ் ரொட்டி தின்னு தின்னு பல்லுதான் தேயுது. அப்பா பேரைப் பூதத்துக்கு வச்சதைப் படிச்சுட்டுக் கடையிலயே சிரிச்சேன். முதலாளி முறைச்சார்.

வெள்ளிக்கிழமை லீவுல உக்காந்து செட்டிங்ஸைப் பிரிச்சு மேய்ஞ்சுட்டேன். இப்போ அதுல மூணு கதவு இருக்கும். முதல் கதவு 'கைக்கு'. அதுல போனா, எந்தக் கீயையும் அமுக்கிப் பிடிக்க வேண்டாம். ஒரு தட்டு தட்டினா வலை எழும்பும், இன்னொரு தட்டு தட்டினா விழும். எந்தக் கீயா இருந்தாலும் சரி, விரல் எங்க விழுதோ அதுதான் பொத்தான். ரெண்டாவது 'கண்ணுக்கு'. எழுத்தை எவ்வளவு வேணும்னாலும் பெருசாக்கிக்க. மூணாவது 'சண்டைக்கு'. சுலபம், நடுத்தரம், கஷ்டம்னு மூணு வச்சிருக்கேன். நீ எதுல ஆடப்போறே? சுலபத்துல வச்சு அனுப்பட்டுமா?

அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கு? தைலம் அனுப்பறேன்.

ஜெரோம்

* * *

இரும்புலியூர்,
31.7.2005

அன்பு மச்சான்,

எல்லாரும் சுகம். தைலம் வந்தது, அம்மா முட்டிக்குத் தடவாம பத்திரப்படுத்திட்டாங்க. ஃபாரின் தைலமாம்.

உன் 'கைக்கு' கதவுக்கு உன்னைக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுக்கலாம். விரல் எங்க விழுதோ அதுதான் பொத்தான்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்சுட்டு அரை நாள் சும்மா அதையே நினைச்சுகிட்டிருந்தேன். உலகம் பூரா அப்படி இருந்தா எப்படி இருக்கும்? ஆனா மூணாவது கதவுல சுலபமா வேணுமான்னு கேட்டே பாரு, உதை விழும். கஷ்டத்துல கை வைக்காதே. வலையை என் விரலுக்குத் தகுந்த மாதிரி செஞ்சு குடு, பூதத்தை அதோட பலத்தோட விடு. நான் பாத்துக்கறேன்.

இப்போ தாம்பரம் ஸ்டேஷன்ல மாட்டிகிட்டு நிக்கறேன். அந்த ரயிலட்டை இருக்கே, இன்னா மாதிரி ஒரு ஜந்து! உடம்பு பூரா ஜன்னல், ஜன்னலுக்கு ஜன்னல் மஞ்ச விளக்கு, பிளாட்பாரத்தைச் சுத்திச் சுருண்டு படுத்திருக்கு. நான் பிடிச்சு வச்சு சண்டைக்கு அனுப்பற பாசிமூக்கன், தூக்கத்தேரை எல்லாத்தையும் வரிசையா மயக்கம் போட வச்சுடுச்சு. தினமும் போறேன், தினமும் தோக்கறேன். தோத்துட்டு வந்து சாப்பிட்டா சாதம் கூட ஒரு பிடி இறங்குது.

நேத்து மத்தியானத் தூக்கத்துல அது எங்க தெருவுக்கே வந்துச்சு. வாசல்ல நின்னு கதவைத் திறந்துச்சு. ஏறினேன், கால் நடந்துச்சு, அதைப் பத்தி நானும் ஒண்ணும் கேட்டுக்கல. உள்ளே ஜன்னலோரம் ஷீலா. எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்னு கேட்டேன். "இறங்க வேண்டாம், சும்மா போயிட்டே இருக்கலாம்"னா. வெளிய தண்ணிக்குள்ள வீடுங்க விளக்கோட மிதந்து போச்சு.

இந்த இடத்துல ஷீலா பேனாவை வச்சுட்டுத் தண்ணி குடிக்கப் போயிட்டா. நல்ல தாகம் போல, ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தா. உடம்பைப் பாத்துக்க.

வில்பிரட்

(அதே உறையில், மடித்த தனித்தாள்)

அண்ணா, கவரை நான்தானே ஒட்டறேன், அதனால அத்தானுக்குத் தெரியாம இதை உள்ள வைக்கிறேன். மறைமலை நகர்ல எங்க ஃபேக்டரியிலேயே பிரேம்னு ஒருத்தர், சூப்பர்வைசர். அவங்க வீட்டுல வந்து பேசிட்டாங்க. எனக்கும் பிடிச்சிருக்கு. அப்பா சம்மதிச்சுட்டார். ஆனா கல்யாணம் முடியற வரைக்கும் அத்தான் காதுல விழக் கூடாதுன்னு அப்பாவும் ஞானம்மாள் அத்தையும் சேர்ந்து முடிவு பண்ணியிருக்காங்க. "அவன் முறைப்பையன், மனசுல என்னவோ வச்சிருக்கான், தாங்க மாட்டான்"னு அத்தை அழறாங்க. எனக்கு வாரா வாரம் இதை மறைச்சுகிட்டு இங்க வந்து உக்கார முடியல அண்ணா. இந்தக் கனவை எழுதும்போது பாதியில எழுந்து போனது அதனாலதான். கேம்ல தோத்துத் தோத்து இவர் தோள் வேற வலிக்குது. அதையாவது கொஞ்சம் லேசாக்கேன். நான் கேட்டேன்னு இவருக்குச் சொல்லாதே. ஷீலா.

* * *

சார்ஜா,
26.8.2005

அன்பு மச்சான்,

சுகம். எல்லார் சுகமும் அறிய ஆசை. நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் ஊருக்கு வர்றார், அவர் கையில புது சிடி. எழுத்து இன்னும் பளிச்சுனு தெரியும். தண்ணிச் சத்தத்தைக் கொஞ்சம் மாத்தியிருக்கேன், ஹெட்போன் போட்டுக் கேளு. வேற பெருசா ஒண்ணும் பண்ணல.

உன் கனவை ரெண்டு தடவை படிச்சேன்.

கடையில வேலை ஜாஸ்தி, அதனால நீளமா எழுத முடியல. அத்தையைத் தைலத்தைத் தடவச் சொல்லு.

ஜெரோம்

* * *

இரும்புலியூர்,
25.9.2005

ஜெரோமுக்கு,

சுகம் விசாரிக்கிற மூட்ல நான் இல்ல. ஷீலா தானா 'நலமா'ன்னு எழுதப் போனா, தடுத்துட்டேன்.

புது சிடி போட்டேன். ரயிலட்டையை ஒரே ஆட்டத்துல பிடிச்சுட்டேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், ஒரே கொண்டாட்டம். படுத்தப்புறம் நெஞ்சுல என்னவோ உறுத்துச்சு. மறுநாள் மறுபடி முதல்லேர்ந்து போய், கையை எடுத்து மடியில வைக்கச் சொன்னேன் அம்மாவை. வச்சுட்டுச் சும்மா உக்காந்தேன். ரயிலட்டை வந்து முட்டுச்சு, என் பூதங்களுக்கு ஒண்ணும் ஆகல. முட்டி முட்டி அதுக்கே அலுத்துப்போய், தானா வந்து வலைக்குள்ள படுத்துகிச்சு. செட்டிங்ஸ்ல 'கஷ்டம்'னே எழுதியிருக்கு. எழுதி வச்சுட்டு உள்ள ஏமாத்தியிருக்கே.

எனக்கு வந்த கோவத்துக்குக் கை நல்லா இருந்தா மானிட்டரை உடைச்சிருப்பேன். டேய், நான் கதவை அகலமாக்கச் சொன்னேன், வீட்டைக் காலி பண்ணச் சொல்லல. எதிர்வீட்டு அக்கா கைதட்டினாங்கடா. அந்தக் கைத்தட்டலை நான் எங்க கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கறது? இந்த உலகத்துல எல்லாருமே என்னைப் பாத்தா குரலைத் தணிச்சுப் பேசறாங்க, கேரம்ல காயினை விட்டுக் குடுக்கறாங்க. நீ ஒருத்தன்தான் என்னோட நிஜமா சண்டை போடுவேன்னு நினைச்சேன். உனக்கு யார் இந்த யோசனையைக் குடுத்தது?

இதை எழுதும்போது ஷீலா முகமே செத்துப்போச்சு. பாரு, அவளுக்கே எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு.

வில்பிரட்

* * *

சார்ஜா,
14.10.2005

மச்சான்,

உன் கடிதத்தைப் பிரிச்ச அன்னிக்குச் சோறு இறங்கல. யாரும் யோசனை குடுக்கல, நானேதான் பண்ணினேன். நீ தோத்துட்டு வலியோட படுக்கறதை நினைச்சுப் பார்த்தேன், மனசு கேக்கல. செஞ்சது தப்பு, அதைத் தப்புன்னே சொல்லிடறேன்.

இந்த சிடியில பூதங்க எல்லாம் பழைய பலத்தோட இருக்கு. 'கைக்கு' மட்டும் இன்னும் ரெண்டு வசதி சேர்த்திருக்கேன். விரல் நடுங்கி ரெண்டு தட்டு விழுந்தா ஒண்ணாவே எடுத்துக்கும். இனிமே கேம்ல உனக்குத் தெரியாம எதையும் மாத்த மாட்டேன். சத்தியம்.

மழைக்காலம் வருது. நெஞ்சுச் சளி சேராம பாத்துக்க. அத்தைக்கு என் அன்பு.

ஜெரோம்

(அதே தேதியில், யேசுதாசன் வீட்டு விலாசத்துக்கு)

ஷீலா, உன் பேரை நான் சொல்லல. கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடைக்காது போல, ரெண்டு வருஷ கான்ட்ராக்ட் முடியலைன்னு கையை விரிச்சுட்டாங்க. வில்பிரட் விஷயத்துல அப்பா சொல்றபடியே இருக்கட்டும். நான் அடுத்த வருஷம் வந்து பக்கத்துல உக்காந்து பக்குவமா சொல்லிக்கறேன். போஸ்ட்ல சொல்ற சமாச்சாரமா இது? உன் அண்ணன்.

* * *

இரும்புலியூர்,
27.11.2005

அன்பு மச்சான்,

கோவம் எப்பவோ போச்சு. இந்தக் கடிதம் உனக்கு எப்போ வந்து சேருமோ, இங்க போஸ்ட்மேனே முழங்கால் தண்ணியில வர்றார். டிவியில பாத்திருப்பே. ஏரியெல்லாம் ரொம்பி வழிஞ்சு, உன் கேம் தெருவுக்கு வந்துடுச்சு மச்சான். மாடி போர்ஷன்காரங்க எங்களையும் கம்ப்யூட்டரையும் மேல தூக்கிட்டுப் போய்ட்டாங்க. ஜன்னல்கிட்ட என்னை உக்கார வச்சிருந்தாங்க. தெருவெல்லாம் பழுப்புத் தண்ணி, அதுல யார் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியோ ஒண்ணு அவசரமே இல்லாம மிதந்து போச்சு, ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போற மாதிரி. கரெண்ட் இல்ல, கம்ப்யூட்டர் இல்ல. கண்ணை மூடினா ரெண்டு ஊரும் ஒண்ணாயிடுது. எது நீ கட்டினது, எது மழை கட்டினதுன்னே தெரியல. தண்ணிக்கடியில ஒரு வரிசை விளக்கு நகர்ந்த மாதிரி இருந்துச்சு. ஷீலாகிட்ட சொன்னேன். "நானும் பாத்தேன் அத்தான்"னா. சும்மா சொல்றான்னு தெரியும், இருந்தாலும் சந்தோஷமா இருந்துச்சு.

நல்ல சேதியைக் கடைசியில வச்சிருக்கேன். கரெண்ட் வந்ததும் ரயிலட்டையைப் பிடிச்சேன்! நிஜ ரயிலட்டை. போன ஞாயிறு, ஷீலா பக்கத்துல இருந்தா. கடைசித் தட்டுல விரல் வழுக்கிடுச்சு, அவ்வளவுதான் போச்சுன்னு நினைச்சேன், உன் வலை எப்படியோ அதை வாங்கிகிச்சு. ஷீலா போட்ட சத்தத்துல அம்மா கரண்டியோட ஓடி வந்தாங்க. நான் ஜெயிச்சதுக்கு அவ அழுதா மச்சான். அப்படி ஒரு அழுகை. இவ்வளவு பாசமா இந்தப் பொண்ணுக்குன்னு நினைச்சேன்.

அந்தத் தைரியத்துல இன்னொண்ணும் பண்ணிட்டேன். நம்ம கோயில் முன்னாடி இருக்கற படிக்கட்டுக்குப் பயந்துதானே நான் இத்தனை வருஷமா வீட்டுலயே பாட்டுப் பாடிக்கறேன்? போதகரை வீட்டுக்கு வரவழைச்சு, "ஒரு பலகை போடுங்க ஐயா, நானே வர்றேன்"னு கேட்டேன். அவர் திகைச்சுப் போய், "இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே தம்பி"ன்னார். மணி அடிக்கிற ஞானையா அண்ணன் பலகை செய்யறார். மழை ஈரம் காயணும், ஜனவரியில போட்டுடலாம்னார். அம்மாவுக்கும் மாமாவுக்கும் இன்னும் சொல்லல. பின்வாசல்ல உக்காந்து ஷீலாவுக்கு மட்டும் சொன்னேன். அவ பாதி உரிச்ச வெங்காயத்தைக் கீழ போட்டுட்டா, ஆச்சரியம் போல.

வில்பிரட்

* * *

சார்ஜா,
16.12.2005

அன்பு மச்சான்,

கிறிஸ்துமஸ் வாழ்த்து எல்லாருக்கும். ரயிலட்டைச் சேதியைப் படிச்சுட்டு ரத்தினம் அண்ணனுக்குப் பிரியாணி வாங்கிக் குடுத்தேன்.

பலகை விஷயம். நல்லதுதான். ஆனா ஜனவரி பனி உன் நெஞ்சுக்கு ஆகாது. பலகையும் வழுக்கும், நாலு பேர் சேர்ந்து தள்ளணும், உனக்கு அது பிடிக்காது. மார்ச்சுக்கு மேல, வெயில் வந்தப்புறம் போயேன். அவசரம் என்ன? இத்தனை வருஷம் பொறுத்தே, இன்னும் ரெண்டு மாசம் பொறுக்க மாட்டியா?

எதுக்கும் யோசிச்சுக்க.

ஜெரோம்

* * *

இரும்புலியூர்,
8.1.2006

ஜெரோம்,

இது என் கையெழுத்து. கோழி கிறுக்கின மாதிரி இருக்கும். படிச்சுக்க.

இன்னிக்குக் கோயிலுக்குப் போனேன். பலகை வழுக்கல. பாட்டு, ஜெபம் எல்லாம் ஆச்சு. அப்புறம் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சாங்க. யேசுதாசன் குமாரத்தி ஷீலாவுக்கும், மறைமலை நகர் பிரேமுக்கும். முதல் ஓலை. தடை ஏதும் இருந்தா சொல்லுங்கன்னு கேட்டாங்க. கோயில் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்துச்சு.

எல்லாருக்கும் தெரியும். போதகருக்கு, ஞானையாவுக்கு, எங்கம்மாவுக்கு. படிக்கட்டு இருக்குது, நான் வர மாட்டேன்னு நம்பிகிட்டு இருந்திருக்கீங்க.

இனி போன் பண்ணாதே.

வில்பிரட்

* * *

சார்ஜா,
20.1.2006

வில்பிரட்,

சுகம் கேக்க எனக்கு வாய் இல்ல. கோயில்ல நடந்ததை அப்பா போன்ல சொன்னதும் உனக்கு ரெண்டு தடவை போன் பண்ணிட்டேன். நீ வேணாம்னு சொன்னது கைக்கு வர்றதுக்கு முன்னாடி. அத்தை எடுத்து, "பேச மாட்டேங்கறான்"னு அழுதாங்க.

நீ கேக்காததுக்கும் சேர்த்துச் சொல்லிடறேன். ஆகஸ்ட்லயே எனக்குத் தெரியும். ஷீலா எழுதினா. சொல்லிடணும்னு அவளுக்குத்தான் துடிப்பு. வேணாம்னு முடிவு பண்ணினது அப்பா, அத்தை, அப்புறம் நான். கேமை லேசாக்கினதும் அவ உன் தோள் வலிக்காகக் கேட்டது, ஆனா செஞ்சவன் நான். ஜனவரியில கோயிலுக்குப் போகாதேன்னு பனி மேல பழி போட்டு எழுதினேனே, அது ஓலைக்குப் பயந்து. மூணு ஞாயிறு ஓலை வாசிப்பாங்க, நீ வீட்டுல இருப்பே, எப்படியும் தாண்டிடலாம்னு கணக்குப் போட்டோம்.

கல்யாணம் பிப்ரவரி ஒன்பது, வியாழக்கிழமை. எனக்கு லீவு கிடைக்கல. ஷீலாவுக்குப் பிரேமைப் பிடிச்சிருக்கு, மனசார. அதையும் நீ என் வாயாலயே கேட்டுக்க, இனி யாரும் உன்கிட்ட சுத்தி வளைக்க வேண்டாம்.

உன்னைப் பாவம்னு நினைச்சுட்டேன் மச்சான். நேர்ல இருந்தா என்னை ரெண்டு அறை அறைஞ்சிருப்பே. அறைய முடியாதேங்கற நினைப்பும் எனக்குள்ள இருந்திருக்கு, அதுதான் கேவலம்.

ஜெரோம்

* * *

இரும்புலியூர்,
29.1.2006

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பா, அம்மா சுகம். உன் கடிதம் அத்தானுக்கு நேத்து வந்திருக்கு. பதில் அவரே எழுதுவார், ஆனா எப்போன்னு தெரியாது.

ஓலை வாசிச்ச அன்னிக்குச் சாயங்காலமே போனேன். வழக்கம்போல பேனாவை எடுத்தேன். "அதை வை. உக்காரு"ன்னார். திட்டுவார்னு நினைச்சேன். "எனக்கு உன்னைப் பிடிக்கும்னு உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டார். தெரியும்னேன். "உன்னைக் கட்டிக்கற நிலமையில நான் இல்லன்னு எனக்குத் தெரியும்கறதாவது உனக்குத் தெரியுமா?"ன்னார். "முறைக்காரன் நான். வெத்தலை பாக்கு மாத்தறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுதானே நம்ம வழக்கம்? காலும் கையும் போச்சுன்னா முறையும் போயிடுமா?"ன்னு கேட்டுட்டு அழுதார். நானும் அழுதேன். அத்தை தண்ணி கொண்டுட்டு ஓடி வந்தாங்க. "கொஞ்ச நேரம் அழ விடும்மா"ன்னு சொல்லிட்டு மறுபடி அழுதார்.

ரெண்டாவது ஓலைக்கு வரல. மூணாவதுக்கு வந்தார். போதகர் "தடை ஏதேனும் இருந்தால்"னு நிறுத்தினதும் அத்தான் இருமினார் பாரு, அப்பாவுக்கு உயிரே போயிடுச்சு. கோயிலே திரும்புச்சு. "சளிங்க. மேல வாசிங்க"ன்னார். பின்னாடி பெஞ்சுல யாரோ சிரிச்சுட்டாங்க, அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

அன்னிக்குத்தான் கேட்டேன். பொண்ணு பக்கத்துச் சாட்சிக் கையெழுத்து நீ போட வேண்டியது, நீயோ இல்ல. "நீங்க போடறீங்களா அத்தான்?"னேன். "பாவம்னு கேக்கறியா?"ன்னார். "இல்ல. என்னைப் பத்திச் சாட்சி சொல்ல உங்களை விட்டா வேற யாருக்கு என்ன தெரியும்?"னேன். யோசிச்சுச் சொல்றேன்னார். இன்னும் சொல்லல அண்ணா. அவர் வரலைன்னா கல்யாணம் நடக்கும், ஆனா எனக்கு மனசு நிறையாது.

உனக்காக ஜெபிக்கிற தங்கை,
ஷீலா

* * *

இரும்புலியூர்,
5.3.2006

அன்பு மச்சான்,

சுகமா இருக்கியா? நான் சுகம். அம்மா சுகம். தைலத்தை ஒருவழியா தடவிகிட்டாங்க.

இதையும் நானேதான் எழுதறேன். இந்தக் கடிதம் கல்யாணத்துக்கு அப்புறம் ஆரம்பிச்சது. ஒரு நாளைக்கு ரெண்டு வரி, மூணு வரி, முடியலைன்னா விட்டுடறேன். வேற ஆள் வச்சுக்கன்னு அம்மா சொல்றாங்க. கொஞ்ச நாள் போகட்டும்.

உன் கடிதம் நல்லா இருந்துச்சு. அதுல ஒரு வரியாவது என்னைத் தடவிக் குடுக்கும்னு தேடினேன். இல்ல. அப்போதான் கோவம் குறைஞ்சுது. ஊருக்கு வந்ததும் கிட்ட வந்து குனி, அறை எப்படியாவது விழும்.

கல்யாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளை பிரேம் உயரம், கொஞ்சம் கூச்சம். எனக்குக் கை குடுத்தார். என்னால கையைத் தூக்க முடியாதுன்னு தெரிஞ்சு, நான் சொல்ற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் கீழ குனிஞ்சு பிடிச்சார். அந்த இடத்துலயே எனக்கு அவரைப் பிடிச்சுப்போச்சு, எரிச்சலாவும் இருந்துச்சு.

மோதிரம் மாத்தி முடிஞ்சு, சாட்சிக் கையெழுத்துக்கு ரிஜிஸ்டரைக் கொண்டாந்தாங்க. ஞானையா அண்ணன் ஒரு பலகையை என் மடியில வச்சு, அது மேல ரிஜிஸ்டரை வச்சார். போதகர் ரொம்ப நல்ல மனசோட மைப் பெட்டியைத் திறந்து, "ரேகை வச்சாலும் செல்லும் தம்பி"ன்னார். மாமா என் மணிக்கட்டைப் பிடிக்கக் கையை நீட்டினார். ஷீலா முக்காட்டுக்குள்ளேர்ந்து, "வேணாம்பா. அத்தான் எழுதுவார்"னா.

எழுதினேன். 'வி' போடறதுக்குள்ளேயே வேர்த்துடுச்சு. பாடகர் குழு பாட்டை முடிச்சுட்டு மறுபடி முதல்லேர்ந்து பாடினாங்க. அதுவும் முடிஞ்சுது. அப்புறம் சத்தமே இல்ல. மேல ஃபேன் சுத்தற சத்தம், ஒரு குழந்தை சிணுங்கற சத்தம். எனக்குக் காது அடைச்சு, ஏதோ தண்ணிக்கு அடியில இருந்து எழுதற மாதிரி இருந்துச்சு. எழுத்து வளைஞ்சு கோட்டைத் தாண்டிப் போச்சு. பேனா ஒரு தடவை விழுந்துச்சு. மாப்பிள்ளை எடுத்து விரலுக்கு நடுவுல வச்சுட்டு நகர்ந்துட்டார். பிரியாணி ஆறுதுன்னு யாராவது சொல்வாங்கன்னு பயந்தேன், ஒருத்தரும் சொல்லல. அத்தனை பேரும் உக்காந்து காத்திருந்தாங்க மச்சான். யாரும் என் கையைப் பிடிக்கல.

புள்ளி வச்சு முடிச்சேன். மை ஈரமா இருந்துச்சு. ஷீலா அந்தப் பட்டுப்புடவையோட தரையில மண்டி போட்டு, என் பேர் அழிஞ்சுடாம இருக்கணும்னு, காயற வரைக்கும் வாயால ஊதினா. அப்புறம் எழுந்து மாப்பிள்ளை கையைப் பிடிச்சுகிட்டு நடந்து போயிட்டா.

வில்பிரட்